கொழும்பின் தண்ணீர்க் கடை: ஏறிய சரக்கும் விற்ற சரக்கும்

சென்ற வருடம் எங்கள் கடைக் கட்டடத்திற்கு வந்த தண்ணீர்க் கட்டணப் பட்டியலைக் கண்டதும் நான் முதலில் செய்தது, நம்மில் அநேகர் செய்வதைத்தான். தண்ணீர் கொடுப்பவர்களைத் திட்டினேன். ஏழு கடைகள், இரண்டு மலசலகூடங்கள், வுழூச் செய்ய ஒரு குழாய், தேநீர் ஊற்றும் ஒரு மூலை. மாதத்திற்கு இருபத்தைந்து அலகுக்கு மேல் ஒருபோதும் போகாத இடத்தில் ஐம்பத்தைந்து அலகு காட்டியிருந்தது. “மீற்றர் பார்க்க வந்தவன் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருப்பான் நானா” என்றார் பக்கத்துக் கடைக்காரர். நானும் நம்பினேன். முறைப்பாட்டுக் கடிதம் ஒன்றையும் எழுதி, கையொப்பம் வைத்து, தபாலில் சேர்ப்பதற்காக லாச்சியில் வைத்திருந்தேன்.

இரவுக் காவலுக்கு நிற்கும் மனிதர் தான் விஷயத்தை உடைத்தார். “முதலாளி, ராவைக்கு மேல் டாங்கியால தண்ணி வழிஞ்சி கானுக்குப் போகுது. விடியச் சரியாயிடும்” என்றார். மேல் மாடிக்கு ஏறிப் பார்த்தால், தாங்கியின் மிதவை வால்வு தேய்ந்து போயிருக்கிறது. பகலில் அது ஒருவாறு பிடித்துக் கொள்கிறது. இரவில் பிடிப்பதில்லை. நிமிடத்திற்கு இரண்டு லீற்றர் வழிந்தால் எட்டு மணித்தியாலத்தில் 960 லீற்றர். ஏறக்குறைய ஓர் அலகு. ஓர் அலகு என்பது ஆயிரம் லீற்றர். முப்பது இரவுகளுக்கு ஏறக்குறைய முப்பது அலகு. மீற்றர் பார்த்தவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

பகலில் பிடிக்கும் வால்வு இரவில் ஏன் பிடிக்கவில்லை என்ற கேள்வி மட்டும் என் மனதில் கிடந்து உறுத்தியது. அதை விசாரிக்கப் போய், கொழும்பு மாநகருக்குத் தண்ணீர் எப்படி வருகிறது, எப்படிப் பகிரப்படுகிறது, எங்கே காணாமல் போகிறது என்பதையெல்லாம் ஓரளவு தெரிந்து கொண்டேன். நாற்பது வருடமாக இந்த நகரத்தில் வியாபாரம் செய்கிறேன். இதை அறியாமல் இருந்ததற்கு வெட்கப்பட்டேன். வியாபாரிகள் அறிந்திருக்க வேண்டிய விஷயம் இது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கொழும்பின் தண்ணீர் இரண்டு விதமாக வருகிறது. ஒன்று மலைப் பக்கத்திலிருந்து தானாக இறங்கி வருவது. 1880களில் ஆங்கிலேயர் லபுகமவில் அணை கட்டி, அங்கிருந்து வார்ப்பிரும்புக் குழாய் போட்டு, மருதானைக்கு அண்மையிலுள்ள மாளிகாகந்தையின் மேட்டில் இருக்கும் நீர்த்தேக்கத்திற்குத் தண்ணீரைக் கொண்டு வந்தார்கள். பம்பியும் இல்லை, மின்சாரமும் இல்லை. லபுகம உயரத்தில் இருக்கிறது, கொழும்பு தாழ்வில் இருக்கிறது, அவ்வளவுதான். பிற்காலத்தில் கலட்டுவாவ நீர்த்தேக்கமும் அதனுடன் சேர்ந்து கொண்டது. சுற்றிலும் காடு காக்கப்பட்டிருப்பதால் அங்கே தண்ணீர் இன்றும் தெளிவானது.

மற்றது களனி கங்கையிலிருந்து இறைத்து எடுப்பது. நகரம் பெருத்த பிறகு லபுகம போதவில்லை. ஆகவே அம்பத்தலையில் சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. இன்று கொழும்பும் அதன் சுற்றுப்புறங்களும் பெரும்பாலும் அதை நம்பித்தான் இருக்கின்றன. நாளொன்றுக்குச் சுமார் 5 இலட்சம் கன மீற்றர் அங்கே சுத்தமாகி வெளியே போகிறது. கங்கையின் அடுத்த கரையில் பியகமவில் 2013 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நிலையம் முதற் கட்டத்தில் நாளொன்றுக்கு 1 இலட்சத்து 80 ஆயிரம் கன மீற்றர் கொடுக்கும்படி கட்டப்பட்டது. கங்கைத் தண்ணீர் சேறு கலந்தது. அதிலே படிகாரம் கலந்து சேற்றைத் திரளச் செய்து, அடியில் படிய விட்டு, மணற் படுக்கையில் வடித்து, கடைசியில் குளோரின் சேர்க்கிறார்கள். அந்தக் குளோரினில் கொஞ்சம் தண்ணீரிலேயே எஞ்சியிருந்து நம் வீட்டுக் குழாய் வரை வரவேண்டும். வழியில் ஏதாவது கிருமி புகுந்தால் கொல்வதற்கு அது காவற்காரன் மாதிரி. குழாயைத் திறந்ததும் மருந்து வாடை வந்தால் முகம் சுளிக்காதீர்கள்.

அம்பத்தலையின் பலவீனம், அது கடலிலிருந்து அதிக தூரத்தில் இல்லை என்பது. பல்லாண்டுகளாகக் கட்டடங்களுக்கு மணல் அள்ளி அள்ளிக் களனி கங்கையின் அடி மட்டம் தாழ்ந்து விட்டது. வரட்சிக் காலத்தில் மேலிருந்து வரும் நீர் குறையும்போது கடல் நீர் கங்கைக்குள் ஏறி வருகிறது. அதைத் தடுக்க ஆற்றின் குறுக்கே மண் மூடைகளை அடுக்கிய காலங்களும் உண்டு. தேநீர்க் கடைக்காரர்கள் அந்த நாட்களில் உப்பு வித்தியாசத்தை நாக்கிலேயே அறிவார்கள். 2015 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஒரு குளிர்பான ஆலையிலிருந்து கசிந்த டீசல் கங்கையில் கலந்தபோது, கொழும்புக்கான விநியோகத்தையே நிறுத்தி வைக்க நேர்ந்தது. ஒரே ஒரு வழங்குநரை நம்பிக் கடை நடத்துபவனின் நிலைதான் இந்த நகரத்தின் நிலையும்.

இனி நான் தேடிப்போன கேள்விக்கு வருகிறேன். சுத்திகரிப்பு நிலையம் இருபத்து நான்கு மணி நேரமும் ஒரே சீராகத் தண்ணீரை வெளியே தள்ளும். ஆனால் ஊர் ஒரே சீராகக் குடிப்பதில்லை. சுபஹுக்குப் பிறகு கடுமையான கேள்வி. பகலில் நடுத்தரம். மாலையில் மறுபடி ஏற்றம். நள்ளிரவுக்கு மேல் அநேகமாக ஒன்றுமில்லை. (நோன்பு மாதத்தில் நமது பகுதிகளில் சஹர் நேரத்திலேயே கேள்வி தொடங்கிவிடும்.) இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கத்தான் நகரத்திற்குள் மேடான இடங்களில் சேவை நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. மாளிகாகந்தை, மட்டக்குளிப் பக்கம் இருக்கும் எலி ஹவுஸ், தெஹிவளை போன்றவை. நாம் பெருநாளைக்கு முன் களஞ்சியத்தில் சரக்கை நிரப்பி வைப்பது மாதிரி, அவை இரவில் நிரம்பும், விடிந்ததும் இறங்கும்.

அந்தத் தாங்கிகள் ஏன் மேட்டில் இருக்கின்றன? உயரம்தான் அழுத்தம். பத்து மீற்றர் உயரத்தில் நிற்கும் தண்ணீர், ஒரு சதுர சென்ரிமீற்றரை ஏறக்குறைய ஒரு கிலோ எடையால் அழுத்தும். அந்த அழுத்தம்தான் தண்ணீரைத் தெருவுக்குத் தெரு தள்ளிக்கொண்டு போய், இரண்டாம் மாடிக்கு ஏற்றுகிறது. ஆனால் குழாயில் தண்ணீர் வேகமாக ஓடும்போது உராய்வில் அழுத்தம் கரைந்து விடும். காலையில் எல்லோரும் திறந்திருக்கும்போது குழாயின் கடைசி முனையில் இருப்பவனுக்கு நூல் போல வருவது அதனால்தான். இரவில் எவரும் திறப்பதில்லை. ஓட்டம் இல்லை, உராய்வும் இல்லை. மேட்டில் நிற்கும் தண்ணீரின் முழு அழுத்தமும் எங்கள் தேய்ந்த வால்வின் மேல் வந்து உட்காருகிறது. அது தோற்றுப் போகிறது.

எங்கள் வால்வு மட்டுமா தோற்கிறது? தெருவுக்கடியில் இருக்கும் ஒவ்வொரு வெடிப்பும், ஒவ்வொரு மூட்டுக் கசிவும் அதே நேரத்தில்தான் பலமாகக் கசிகிறது. தண்ணீர்ப் பொறியியலாளர்கள் கசிவைக் கண்டுபிடிக்கும் முறையும் இதுதான். ஒரு பகுதிக்குள் தண்ணீர் நுழையும் குழாயில் ஒரு பெரிய மீற்றரைப் பொருத்தி, அதிகாலை இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்ப்பார்கள். ஊர் தூங்கும் நேரத்தில் போகும் தண்ணீர் அநேகமாகக் கசிவுதான். எங்கள் காவற்காரர் செய்ததும் இந்த வேலையைத்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். உற்பத்தி செய்து வெளியே அனுப்பிய தண்ணீரில், பணம் வராமல் போகும் பங்கை வருமானம் தராத நீர் என்கிறார்கள். 2012 ஆம் ஆண்டு ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியில் கொழும்பின் குழாய் வலையமைப்பைத் திருத்தும் பெரிய திட்டம் ஆரம்பித்தபோது, மாநகர எல்லைக்குள் அந்தப் பங்கு கிட்டத்தட்டப் பாதி! நூறு மூடை சீனியைக் களஞ்சியத்தில் இறக்கி, ஐம்பது மூடைக்கு மட்டும் பில் போட்ட கடையை நினைத்துப் பாருங்கள். நம்மில் எவராவது அப்படி ஒரு கடையை ஒரு வருடத்திற்கு மேல் நடத்துவோமா? அதுவும் அந்த மூடைகளுக்குச் செலவில்லை என்று சொல்ல முடியாது. இறைப்பதற்கு மின்சாரம், படிகாரம், குளோரின், ஊழியர் சம்பளம், வெளிநாட்டுக் கடனுக்கு வட்டி, எல்லாம் ஏறிய பிறகுதான் அது வழியில் சிந்துகிறது.

காணாமல் போகும் தண்ணீர் நான்கு வழியாகப் போகிறது. முதலாவது கசிவு. நூறு வருடம் தாண்டிய வார்ப்பிரும்புக் குழாய்கள் நகரத்தின் அடியில் கிடந்தன. அவற்றை மாற்றும் வேலையைத்தான் மேற்சொன்ன திட்டம் பகுதி பகுதியாகச் செய்து வந்தது. வீதியைக் கிண்டுகிறார்கள், வியாபாரம் படுத்து விட்டது என்று நாம் சத்தம் போட்டது பெரும்பாலும் அந்த வேலைக்காகத்தான். இரண்டாவது, களவான இணைப்புகள். மூன்றாவது, தேய்ந்த மீற்றர்கள். பழைய மீற்றர், நூல் மாதிரி ஓடும் தண்ணீரைக் கணக்கில் எடுக்காது. கூரைத் தாங்கி மெல்ல மெல்ல நிரம்பும் கட்டடங்களில் இது அதிகம். இதில் இலாபமடைகிறவர்களில் நாமும் இருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நான்காவது, தோட்டங்களிலும் ஒழுங்கைகளிலும் இருக்கும் பொதுக் குழாய்கள்.

இந்த நான்காவது பற்றிப் பேசும்போது நம்மவர் குரல் உயரும். “தோட்டத்துச் சனம் சும்மா பாவிக்கிறது, நாம் காசு கட்டுகிறோம்” என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. பொதுக் குழாயில் நின்று வாளியில் பிடித்துத் தலையில் சுமந்து போகும் பெண் எத்தனை லீற்றர் எடுத்துவிடப் போகிறாள்? மூடப்படாமல் இரவெல்லாம் ஓடும் குழாய்தான் நட்டம். அது ஒருவருடைய பெயரிலும் இல்லாததால் எவரும் மூடுவதில்லை. அந்த வீடுகளுக்குத் தவணை முறையில் மீற்றர் இணைப்புக் கொடுத்தால், குறைந்த பாவனைக்குக் குறைந்த கட்டணம் என்ற படிமுறையின் கீழ் அவர்களும் கௌரவமாகத் தண்ணீர் எடுப்பார்கள். ஓடும் குழாயும் நிற்கும். கொழும்பில் பல தோட்டங்களில் இது நடந்தும் இருக்கிறது. எஞ்சிய இடங்களிலும் நடக்க வேண்டும்.

தண்ணீர்க் கட்டணம் 2012 ஆம் ஆண்டுக்குப் பிறகு பத்து வருடம் அசையாமல் நின்று, 2022 இல் ஒரு தடவையும் 2023 இல் இன்னொரு தடவையும் கடுமையாக ஏறியது. 2024 இல் சற்றுக் குறைத்தார்கள். ஏறிய ஒவ்வொரு தடவையும் வியாபாரிகளாகிய நாம் முறையிட்டோம். நியாயம். வீட்டுக்காரரை விட நமக்கு அலகுக்கு விலை அதிகம். ஆனால் நாம் கேட்க மறந்த ஒரு கேள்வி இருக்கிறது: “எங்கள் பகுதிக்கு நீங்கள் அனுப்பியது எவ்வளவு, பில் போட்டது எவ்வளவு?” ஒரு வழங்குநர் விலையை ஏற்றினால் சேதாரம் எவ்வளவு என்று கேட்காமல் நாம் விட மாட்டோம். 1975 ஆம் ஆண்டு முதல் இயங்கும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் மட்டும் விலையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வந்து விடுகிறோம்.

இது முடியாத காரியம் என்பவர்களுக்குக் கம்போடியாவின் தலைநகர் நொம் பென்னைக் காட்டுவேன். 1993 ஆம் ஆண்டு, யுத்தத்தால் நொறுங்கிப் போன அந்த நகரத்தில் அனுப்பிய தண்ணீரில் 72 சதவீதத்திற்குப் பணம் வரவில்லை. நாளுக்குப் பத்து மணித்தியாலம்தான் தண்ணீர். சபையின் ஊழியர்களே களவு இணைப்புகளை விற்றார்கள். அந்த வருடம் பொறுப்பேற்ற எக் சொன் சான் என்ற பொறியியலாளர் முதலில் பாவனையாளர் பட்டியலையே புதிதாக எழுதினார். ஒவ்வொரு இணைப்புக்கும் மீற்றர் வைத்தார். களவு இணைப்பைக் காட்டிக் கொடுத்தவருக்குச் சன்மானம், பிடிபட்ட ஊழியருக்கு வேலை நீக்கம், நன்றாக வேலை செய்தவருக்கு மேலதிகக் கொடுப்பனவு. பணம் கட்டாத இராணுவ அதிகாரி ஒருவரின் இணைப்பை வெட்டப் போனபோது துப்பாக்கியை நீட்டினார்கள். திரும்பிப் போனவர் ஆயுதம் தாங்கியவர்களைத் துணைக்குக் கூட்டிவந்து வெட்டினார். அரசாங்கத் திணைக்களங்களும் பணம் கட்ட வேண்டியதாயிற்று. சில வருடங்களிலேயே நகரத்திற்கு நாள் முழுவதும் தண்ணீர் கிடைத்தது. காணாமல் போகும் பங்கு ஆறு சதவீதம் அளவுக்கு இறங்கியது. 27 ஆயிரம் அளவில் இருந்த இணைப்புகள் 2 இலட்சத்தைத் தாண்டின. 2006 ஆம் ஆண்டு அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. 2012 இல் கம்போடியப் பங்குச் சந்தையில் வர்த்தகம் தொடங்கியபோது அங்கே முதலில் பட்டியலிடப்பட்டதே அந்தத் தண்ணீர் நிறுவனம்தான்.

வெளிநாட்டு உதவி கொட்டியது, அதனால் செய்தார்கள் என்று சிலர் சொல்லலாம். கொட்டியது உண்மைதான். நமக்கும்தான் கடன் கொட்டியிருக்கிறது. தனியாருக்குக் கொடுத்தால் சரியாகும் என்று வேறு சிலர் சொல்வார்கள். நொம் பென் சபையின் பெரும்பான்மைப் பங்கு அரசாங்கத்திடமே இருந்தது. மாறியது என்னவென்றால், 1996 இல் அதற்குத் தன் கணக்கைத் தானே நடத்தும் சுதந்திரம் கொடுக்கப்பட்டது. கட்டணத்தை எப்போது மாற்றுவது, எவரை வேலைக்கு எடுப்பது என்பதை அரசியல்வாதியின் தொலைபேசி தீர்மானிக்கவில்லை. நம் நாட்டில் பத்து வருடம் கட்டணத்தைத் தொடாமல் வைத்திருந்து, பொருளாதாரம் கவிழ்ந்த நேரத்தில் ஒரேயடியாகத் தலையில் போட்டார்கள். வருடம் வருடம் சிறிது சிறிதாக ஏற்றியிருந்தால் எந்த வியாபாரியும் தாங்கியிருப்பான்.

சபையைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு நம்மைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்லாவிட்டால் அது நேர்மையாகாது. நமது பஜார்க் கட்டடங்களில் எத்தனையில் வீதிக் குழாயிலேயே நேராக மோட்டார் பொருத்தியிருக்கிறது? நானும் வைத்திருந்தேன். தொண்ணூறுகளில், மேல் மாடிக்குத் தண்ணீர் ஏறாத காலத்தில், ஒரு பாஸைக் கொண்டு பொருத்தினேன். அது சட்டத்திற்கு விரோதம் என்பது அப்போதே எனக்குத் தெரியும். அதன் ஆபத்துத்தான் தெரியாது.

குழாயில் அழுத்தம் இருக்கும் வரை, வெடிப்பு வழியாகத் தண்ணீர் வெளியே கசியும், வெளியில் இருப்பது உள்ளே வராது. மோட்டார் இழுக்கும்போது குழாயின் அழுத்தம் ஒன்றுமில்லாமல் போய், சில வேளை உறிஞ்சும் நிலைக்கு வந்து விடும். அப்போது அதே வெடிப்பு வழியாக மண்ணில் ஊறிக் கிடக்கும் அழுக்கு உள்ளே போகும். பழைய கொழும்பில் தண்ணீர்க் குழாய்க்கு அருகிலேயே மலக் குழாய் கிடக்கும் ஒழுங்கைகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். நான் மோட்டார் போட்டால் நட்டம் எனக்கு மட்டுமல்ல, எனக்குப் பின்னால் அந்த ஒழுங்கையில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும். அவர்களுக்கு அழுத்தம் இல்லாமல் போகிறது, அவர்களும் மோட்டார் போடுகிறார்கள், போட முடியாதவன் வாளியுடன் நிற்கிறான்.

செய்ய வேண்டியது மிக எளிது. தரை மட்டத்தில் ஒரு தாங்கி கட்டி, வீதித் தண்ணீர் தானாக வந்து அதில் விழ விட்டு, அந்தத் தாங்கியிலிருந்து மோட்டாரால் மேலே ஏற்றுங்கள். நான் அப்படி மாற்றி இருபது வருடத்திற்கு மேலாகிறது. நில வாடகை இருக்கும் விலையில் தாங்கிக்கு இடம் எங்கே என்று கேட்பீர்கள். படிக்கட்டுக்கு அடியில் எங்கள் தாங்கி இருக்கிறது. முன்னர் அங்கே பழைய கடதாசிப் பெட்டிகள்தான் கிடந்தன.

சபையிடம் நாம் கேட்க வேண்டியதும் பெரிய விஷயமல்ல. பகுதிகளாகப் பிரித்து மீற்றர் வைத்திருக்கும் இடங்களில், ஒவ்வொரு பகுதிக்கும் போன தண்ணீரையும் பில்லான தண்ணீரையும் மாதாமாதம் பகிரங்கமாகப் போடட்டும். புறக்கோட்டைக்கு இவ்வளவு, மட்டக்குளிக்கு இவ்வளவு என்று. எந்தப் பகுதியில் களவு, எந்தப் பகுதியில் கசிவு என்பது அப்போது மறைந்திருக்காது. கட்டண உயர்வு கேட்டு அடுத்த தடவை வரும்போது வர்த்தக சங்கங்கள் அந்தத் தாளை மேசையில் வைத்துக் கொண்டு பேசலாம்.

அதுவரைக்கும் கடையைப் பூட்டும்போது ஒரு நிமிடம் மீற்றரைப் பாருங்கள். எல்லாக் குழாயையும் மூடி, தாங்கியும் நிரம்பிய பிறகு அதிலுள்ள சின்னஞ்சிறு சக்கரம் சுழன்றால் எங்கேயோ போகிறது. எங்கள் கட்டடத்தில் வால்வை மாற்றியதும் அடுத்த மாதம் இருபத்து நான்கு அலகு. வால்வின் விலை, அதிகமாகக் கட்டிய ஒரு மாதப் பணத்தில் சிறு பங்குகூட இல்லை. அந்த முறைப்பாட்டுக் கடிதம் இன்னும் லாச்சியில்தான் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் காவற்காரர் ஒவ்வொரு இரவும் மீற்றர் இலக்கத்தை எழுதி வைக்கிறார்.